எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடருக்குப் போக வேண்டும், எந்த மாதம் போனால் வானிலை நன்றாக இருக்கும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துபோகத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஜூன் தொடக்கத்தில் ஏரியில் பனிக்கட்டி, ஜூன் கடைசியில் கொசு, ஜூலையில் கொசுவோடு இடிமழையும் காட்டுத்தீப் புகையும், ஆகஸ்டில் நாள் கணக்கில் தூறல், செப்டம்பரில் பனி. இதில் எதோடு உங்களால் பத்து நாள் குடித்தனம் நடத்த முடியும் என்று பார்த்து, அதற்கான வாரத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

நான் போனது மூன்று முறை. இரண்டு முறை சின்ன விமானத்தில், ஒரு முறை சாலை வழியாக. மூன்று முறையும் போட்ட திட்டம் ஒன்று, நடந்தது வேறு. அதனால் இதை அனுபவசாலியின் அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அடி வாங்கியவனின் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: புரூக்ஸ் மலைத்தொடர் அலாஸ்காவின் வடபகுதியில் கிழக்கு மேற்காகச் சுமார் 1,100 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் நடுப்பகுதியில்தான் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா இருக்கிறது. 1980-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பளவு 34,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது பெல்ஜியம் நாட்டைவிடப் பெரிது, மொத்தமும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே. உள்ளே சாலை கிடையாது. நடைபாதை கிடையாது. முகாம் போட ஒதுக்கிய இடம், வழிகாட்டிப் பலகை, கழிப்பறை எதுவும் கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம். "அடடா, ஃப்ரீயா!" என்று என் நண்பன் ஒருவன் குதித்தான். அங்கே போய்ச் சேருவதற்கான விமான வாடகை என்ன என்று சொன்னதும் குதிப்பதை நிறுத்திவிட்டான்.

இந்தப் பெயரைச் சூட்டியவர் பாப் மார்ஷல், அமெரிக்க வனவியலாளர். 1929-இல் முதல்முறை அங்கே போனவர், பிறகு வைஸ்மன் என்ற சின்னக் குடியிருப்பில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கினார். கோயுகுக் ஆற்றின் வடகிளையில் மேலே போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு மலைகள், ஃப்ரிஜிட் கிராக்ஸ் ஒரு பக்கம், போரியல் மலை மறுபக்கம், நடுவே ஆறு. ஆர்க்டிக்கின் வாசல் என்று அவர் சொன்னது அந்த இடத்தைத்தான். அந்த வாசலுக்குத் தெற்கே ஒரு வானிலை, மலைமுகட்டைத் தாண்டினால் வேறொரு வானிலை. திட்டம் போடுகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்.

தெற்குச் சரிவு அலாஸ்காவின் உட்பகுதியைப் பார்த்திருக்கிறது. கடலிலிருந்து தூரம். கோடையில் சூடாகும், ஜூன் ஜூலையில் 20 டிகிரிக்கு மேல் போவதெல்லாம் சகஜம், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இடிக்கும். பள்ளத்தாக்குகளில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் இருக்கும், விறகும் காற்றுக்கு மறைப்பும் கிடைக்கும். வடக்குச் சரிவில் மரம் என்ற பேச்சே இல்லை. ஆர்க்டிக் கடல் பக்கமிருந்து வரும் காற்றும் மூடுபனியும் பள்ளத்தாக்கு வழியாக நேராக ஏறி வரும், ஜூலையில்கூட ஒரே நாளில் டி-ஷர்ட்டிலிருந்து கையுறைக்கு மாற வேண்டியிருக்கும். எந்த மாதமும் பனி விழலாம். இதைப் படித்துவிட்டுத் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டுவது வேறு, ஜூலை நடுவில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து வெள்ளையாகப் பார்ப்பது வேறு.

அந்தப் பகுதியின் வெப்பநிலை எவ்வளவு தூரம் ஊசலாடும் என்று புரிய இரண்டு எண்கள் போதும். மலைக்குத் தெற்கே, மலைத்தொடரைக் குறுக்கே கடந்து வடக்கே போகும் டால்டன் நெடுஞ்சாலை ஓரத்தில் ப்ராஸ்பெக்ட் க்ரீக் என்று ஓர் இடம், அங்கே 1971 ஜனவரி 23 அன்று மைனஸ் 62 டிகிரி செல்சியஸ் பதிவானது. அமெரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அதற்குக் கிழக்கே சமவெளியில் இருக்கும் ஃபோர்ட் யூகானில் 1915 ஜூன் 27 அன்று 37.8 டிகிரி. ஒரே வட்டாரத்தில் நூறு டிகிரி வித்தியாசம்.

சரி, மாத வாரியாக வருவோம்.

மே மாதத்தை மறந்துவிடுங்கள். ஆறுகளில் பனி உடைந்து கட்டிகட்டியாக ஓடும் நேரம் அது. பனிச்சறுக்குப் பலகை போட்டு நடக்கவும் பனி போதாது, காலால் நடக்கவும் தரை தெரியாது, விமானம் இறங்கவும் முடியாது. பனிச்சறுக்குக்காரர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் காலம். வெளிச்சம் வந்திருக்கும், குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும். அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம் என்பதால் அதோடு விட்டுவிடுகிறேன்.

ஜூனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நான் ஏமாந்தது அங்கேதான். ஜூன் முதல் பாதி கேட்க மிக அழகாக இருக்கும்: கொசு இன்னும் வரவில்லை, மழை குறைவு, சூரியன் மறைவதே இல்லை. எல்லாம் உண்மை. நாங்கள் ஜூன் இரண்டாவது வாரம் போனோம். அலாஸ்காவின் உட்பகுதி நகரமான ஃபேர்பேங்க்ஸிலிருந்து, மலைக்குத் தெற்கே இருக்கும் பெட்டில்ஸ் என்ற சின்ன ஊரின் ஓடுதளத்தில் வந்து இறங்கியபோது வெயில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றோம். அங்கிருந்து மிதவை விமானத்தில் மலைக்குள் ஓர் ஏரியில் இறங்குவதாகத் திட்டம். ஏரிக்கு மேலே போய் விமானி ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு சுற்று, அப்புறம் ஒன்றும் பேசாமல் கீழே கையைக் காட்டினார். கரையோரம் ஒரு நீல வளையம், நடுவில் முழுக்கச் சாம்பல் நிறப் பனிக்கட்டி. பெட்டில்ஸில் கோடை வந்துவிட்டது என்பதால் ஆயிரம் மீட்டர் உயரத்து ஏரியில் கோடை வந்துவிடாது என்று எங்களுக்கு யார் சொல்வது! சொல்லித்தான் இருந்தார்கள். "அந்த வாரம் ஏரி திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று முன்பதிவின்போதே எழுதியிருந்தார்கள். நாங்கள்தான் அதை ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் தாழ்வான இன்னொரு ஏரியில் இறக்கிவிட்டார். இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி. அச்சிட்டுக் கொண்டுபோன வரைபடத்தில் அந்த ஏரி ஓரத்தில் அரைகுறையாகத்தான் இருந்தது. மலையில் ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டு ஆற்றோரமாகவே ஒன்பது நாள் சுற்றினோம், ஆற்றையும் கடக்க முடியவில்லை, பனி உருகி நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே திரும்பப் போகலாம். இருட்டு என்பது இல்லாததால் கடிகாரத்துக்கு வேலையே இல்லை. மதியம் இடிமழை வந்தால் கூடாரத்துக்குள் தூங்குவது, ராத்திரி பத்து மணிக்கு எழுந்து கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு நடக்க ஆரம்பிப்பது, விடிகாலை மூன்று மணிக்கு, விடிகாலை என்று சொல்வதே தப்பு, கூழாங்கல் திட்டில் உட்கார்ந்து மதிய உணவு. மழைக்கு ஏற்ப நாளை வளைத்துக்கொள்ளும் இந்த வசதி ஜூலை பாதிக்கு மேல் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போகும். ஆகஸ்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பகல் குறையும்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை கொசுக்காலம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போகாதவர்கள் நம்பப்போவதில்லை. அடியில் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண்ணுக்கு மேலே தண்ணீர் இறங்க வழியில்லாமல் எங்கு பார்த்தாலும் குட்டையாகத் தேங்கி நிற்கிறது, அதில் பிறந்ததெல்லாம் ஒரே நேரத்தில் எழுகிறது. முகத்தை மூடும் கொசுவலையான தலைவலை இல்லாமல் போகிறவர்கள் இரண்டாவது நாள் அழுவார்கள். காற்று லேசாக அடித்தாலே கொசு அடங்கிவிடும், அதனால் அந்த மாதங்களில் முகாம் போடும் இடத்தைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: ஆற்றின் கூழாங்கல் திட்டு, இல்லாவிட்டால் முகட்டு வரப்பு. சூடான நாள், காற்றில்லாத மாலை, வில்லோ புதர்க்காடு, இந்த மூன்றும் சேர்ந்தால் முடிந்தது கதை.

ஜூலையில் இன்னொரு வில்லங்கம் புகை. தெற்கே உட்பகுதியில் மின்னல் விழுந்து காடு எரியத் தொடங்கினால் புகை மலைக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். 2004-இல் அலாஸ்காவில் 66 லட்சம் ஏக்கர் எரிந்தது, 2022-இலும் 30 லட்சத்துக்கு மேல். அப்படிப்பட்ட வருடத்தில் மேகம் இருக்காது, மழை இருக்காது, ஆனாலும் விமானம் பறக்காது, ஏனென்றால் அங்கே விமானிகள் கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கிறவர்கள். மரமே இல்லாத வடக்குச் சரிவு எரியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2007-இல் அனக்டூவக் ஆற்றுப் பக்கம் ஆயிரம் சதுர கிலோமீட்டர் துந்த்ரா (மரமில்லாத ஆர்க்டிக் புல்வெளி) எரிந்தது.

ஆகஸ்ட்தான் எனக்குப் பிடித்த மாதம், அதுவே என்னை அதிகம் படுத்திய மாதமும். கொசு ஓய்ந்துவிடும் (அதற்குப் பதில் பொடி ஈக்கள் வரும், கடித்தால் எரியும், ஆனால் ஒப்பிட்டால் பரவாயில்லை). அவுரிநெல்லி (ப்ளூபெர்ரி) பழுத்திருக்கும். மாத நடுவுக்கு மேல் துந்த்ரா சிவக்க ஆரம்பிக்கும், ஒரு வாரத்துக்குள் சரிவு முழுக்க ரத்தச் சிவப்பும் மஞ்சளும். இரவு மறுபடி இருட்டத் தொடங்குவதால் மாதக் கடைசியில் வடதுருவ ஒளியும் தெரியும். இவ்வளவும் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் கேட்கும் விலை மழை. ஜூன் ஜூலை மழை மதியம் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகஸ்ட் மழை அப்படி இல்லை. தென்மேற்கே பெரிங் கடலிலிருந்து ஈரக்காற்று வரிசையாக உள்ளே வர ஆரம்பிக்கிறது, மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்துவிடும், தூறலா மழையா என்று சொல்ல முடியாத ஒன்று இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் பெய்யும். வெப்பநிலை நாலைந்து டிகிரியில் நிற்கும். மைனஸ் பத்தில் காய்ந்த பனியில் நிற்பதைவிட இதுதான் ஆபத்து. நனைந்த உடம்பு, காற்று, நாலு டிகிரி: உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் தாழ்வெப்பம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பருத்தித் துணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளாடை உட்பட.

இரண்டாவது பயணம் ஆகஸ்ட் நடுவில், அரிகெட்ச் சிகரங்களுக்கு. வட அலாஸ்காவின் பூர்வகுடி மொழியான இன்யூபியாக்கில் விரித்த கைவிரல்கள் என்று பொருள் சொல்கிறார்கள். கருங்கல் விரல்கள்தான், நேராக நிற்கின்றன. அலட்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் சர்க்கிள் ஏரியில் இறங்கி ஓடையோரமாக மேலே ஏற வேண்டும். தூரம் வரைபடத்தில் பார்த்தால் ஒரு நாள் நடை மாதிரி இருக்கும். எங்களுக்கு இரண்டரை நாள் ஆனது. காரணம் ஆல்டர் புதரும் புல்முடிச்சும்.

இந்தப் புல்முடிச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், நடை வேகத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். டஸ்ஸக் என்பார்கள். பஞ்சுப்புல் கொத்துக்கொத்தாக வளர்ந்து ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி நிற்கும், தலை மட்டும் ஆடும். மேலே கால் வைத்தால் சாயும், இடையில் வைத்தால் சேறு. முதுகில் 25 கிலோவோடு இதில் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நாளைக்கு ஆறு மைல், சுமார் பத்து கிலோமீட்டர், நடந்தாலே நல்ல நாள் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். வேறு மலைகளில் நாளைக்கு 25 கிலோமீட்டர் நடக்கும் என் நண்பன் முதல் நாள் மாலை நாலு கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு ஜி.பி.எஸ். கெட்டுவிட்டது என்றான்.

அரிகெட்ச்சில் ஐந்து நாள் இருந்தோம், சிகரங்களை மொத்தமாகப் பார்த்தது ஒரு மாலை மட்டும், இருபது நிமிடம். மேகம் திரை மாதிரி விலகியது, ஈரமான கல்லில் வெயில் பட்டுப் பளபளத்தது, யாருக்கும் படமெடுக்கத் தோன்றவில்லை, தோன்றியபோது திரை மூடிவிட்டது. திரும்ப ஏரிக்கு வந்து சேர்ந்தது விமானம் வரவேண்டிய நாளுக்கு முந்தைய மாலை. அன்று விமானம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மேகம் ஏரிக்கு மேலே நூறு மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் கருவியில் காலையும் மாலையும் ஒரு வரிச் செய்தி வரும்: இன்று இல்லை, நாளை பார்ப்போம். மொத்தம் மூன்று நாள்.

அந்த மூன்று நாள் சாப்பாட்டை நாங்கள் கொண்டுபோயிருந்தோம். ஜூனில் பட்ட அனுபவத்தால் கொண்டுபோனது. ஆனாலும் இரண்டாவது நாளே ஒவ்வொருவனும் மற்றவன் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பாதாம் பருப்பை எண்ணிப் பிரித்தோம், தலைக்கு பதினொன்று, ஒன்று மிஞ்சியது, அதை யார் சாப்பிட்டது என்று இன்றுவரை சண்டை. பக்கத்தில் இன்னொரு கூடாரம் இருந்தது, வயதான தம்பதி, பல வருடமாக வருகிறவர்கள். அவர்கள் மூன்று நாளும் நிம்மதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், இந்த நாட்களையும் சேர்த்துத்தானே விடுமுறை எடுத்தோம் என்றார்கள். எங்களுக்கோ ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்ப வேண்டிய விமானம் முந்தின நாளே போய்விட்டிருந்தது. இரண்டாவது டிக்கெட்டுக்குக் கொடுத்த டாலரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதனால் இப்போது நான் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுகிறேன். முதலில் ஊர் திரும்பும் விமானம், அதற்கு முன் குறைந்தது மூன்று நாள் வெறும் நாட்கள், அதற்கு முன் ஏரியிலிருந்து எடுத்துவரும் நாள், அதற்கும் முன்தான் நடை. போகும்போதும் பெட்டில்ஸிலோ, டால்டன் சாலையோரம் இருக்கும் கோல்ட்ஃபுட்டிலோ ஒரு வெறும் நாள். பதினைந்து நாள் விடுமுறை என்றால் நடப்பதற்கு எட்டு நாள்தான் கிடைக்கும். அந்த எட்டு நாளில் ஒரு நாள் மழைக்கு, ஒரு நாள் ஆறு வடிவதற்கு. மீதி ஆறு நாளுக்கு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. ஐம்பது கிலோமீட்டருக்காகவா அவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். ஆமாம்.

ஆற்றைப் பற்றி. மற்ற மலைகளில் ஆற்றைக் கடக்க அதிகாலைதான் நல்லது என்பார்கள், ராத்திரி பனிப்பாறை உருகுவது குறைந்து தண்ணீர் இறங்கியிருக்கும் என்பதால். புரூக்ஸில் பெரிய பனிப்பாறைகள் அதிகமில்லை, ஜூனில் பனி உருகி முடிந்த பிறகு ஆற்றின் அளவைத் தீர்மானிப்பது மழைதான். அடியில் உறைமண் இருப்பதால் மழைநீர் மண்ணுக்குள் போவதில்லை, நேராக ஆற்றுக்கு வருகிறது. காலையில் கணுக்காலளவு கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். மழை நின்றால் அதே வேகத்தில் வடியவும் செய்யும். எனவே அங்கே அதிகாலைக் கணக்கு எடுபடாது, கடைசி மழைக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஆனது என்பதே கணக்கு. கடக்க முடியாவிட்டால் கூடாரம் போட்டு உட்காருங்கள். நாளைக்கு ஆறு உங்களுக்காக இறங்கி வரும், விமானம்தான் வராது, அதற்குத்தான் வெறும் நாட்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கொசுவுக்கும் நல்லது, செடிகொடிக்கும் சேதமில்லை என்று கூழாங்கல் திட்டில்தான் முகாம் போடச் சொல்வார்கள், சரியான யோசனைதான், ஆனால் மழையில் முதலில் மூழ்குவதும் அதுவே. நாங்கள் செய்வது இது: தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு, ராத்திரி யார் சிறுநீர் கழிக்க எழுந்தாலும் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து படுப்பது. அரிகெட்ச்சிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இரவு குச்சியைக் காணோம். பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறினோம், யாருடைய காலுறையோ ஒன்று ஆற்றோடு போனது.

வடக்குச் சரிவில் ஆற்றில் இன்னொரு பொருளையும் பார்க்கலாம், ஆஃபைஸ் என்கிற பனித்தகடு. குளிர்காலம் முழுக்க ஊற்றுநீர் மேலே வழிந்து வழிந்து அடுக்கடுக்காக உறைந்து சில மீட்டர் தடிமனுக்கு ஆகிவிடும், ஜூலையிலும் கரையாமல் கிடக்கும். மேலே நடந்தால் சுகம், கொசு இல்லை, புல்முடிச்சு இல்லை, ஆனால் அடியில் ஆறு குடைந்துகொண்டு ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று, சமீப வருடங்களில் சில ஓடைகள் ஆரஞ்சு நிறத்தில் ஓடுகின்றன. உறைமண் உருகி உள்ளிருக்கும் கனிமங்கள் வெளியே வந்து இரும்பு கரைவதால் வருவது, 75 ஓடைகளைப் பட்டியலிட்டு 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. குடிநீருக்கு ஒரே ஓடையை நம்பி முகாம் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

வானிலை முன்னறிவிப்பை எங்கே பார்ப்பது? ஃபேர்பேங்க்ஸ் வானிலை அலுவலகம் கொடுக்கும் மண்டல முன்னறிவிப்பு ஒன்று. அதைவிட நான் நம்புவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வானிலைக் கேமராக்களை. பெட்டில்ஸ், அனக்டூவக் பாஸ், அடிகன் கணவாய் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு படம், பக்கத்திலேயே தெளிவான நாளில் எடுத்த படமும் இருக்கும், எந்த மலை காணாமல் போயிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். விமானிகளுக்காக வைத்தது, இலவசம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பாருங்கள். முன்னறிவிப்பு மழை என்று சொன்ன நாளில் அனக்டூவக்கில் உண்மையில் என்ன நடந்தது என்று பத்து நாள் பார்த்தாலே அந்த மலையின் குணம் கொஞ்சம் பிடிபடும். ஏரி திறந்துவிட்டதா என்பதற்கு மட்டும் விமானிகளைத்தான் கேட்க வேண்டும்.

சாமான் பற்றிச் சுருக்கமாக. கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம், பூங்கா அலுவலகங்களில் இலவசமாகவே கடன் கொடுக்கிறார்கள். அடுப்பு எரிபொருளையும் கரடி ஸ்ப்ரேயையும் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஃபேர்பேங்க்ஸில் வாங்குங்கள், மிதவை விமானத்தில் ஸ்ப்ரேயை மிதவைக்குள் வைத்து எடுத்துப்போவார்கள். எடையைக் கிலோ கிலோவாகக் கணக்குப் பார்ப்பார்கள், உங்களையும் சேர்த்து. செல்போன் வேலை செய்யாது. இருவழிச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி இல்லாமல் போவதை வீரம் என்று நினைக்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. போகும் வழியை ரேஞ்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அரை மணி நேரம் அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். அனக்டூவக் பாஸ் வழியாக நுழைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நூனமியூட் பூர்வகுடி மக்களின் ஊர், சுற்றிலும் அவர்களுடைய நிலம் இருக்கிறது, கரிபூ என்ற காட்டுக் கலைமான் வேட்டை அவர்களுக்கு வாழ்க்கை. ஆகஸ்ட் கடைசியில் கரிபூ வரும் வழியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

விமான வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு டால்டன் நெடுஞ்சாலை இருக்கிறது. எண்ணெய்க் குழாய் போடுவதற்காக 1974-இல் அமைத்த 414 மைல் சாலை, பெரும்பகுதி சரளை. யூகான் ஆற்றங்கரையை விட்டால் கோல்ட்ஃபுட், அதை விட்டால் வடமுனையில் டெட்ஹார்ஸ், இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில் 240 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. ஃபேர்பேங்க்ஸில் வாடகைக் கார் கொடுக்கிற பெரும்பாலானவர்கள் டால்டனில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள், சரளைச் சாலைக்கென்றே தனியாக வண்டி கொடுப்பவர்களைத் தேட வேண்டும். சாலை பூங்காவுக்கு வெளியே கிழக்கு ஓரமாகப் போகிறது, மேற்கே நடந்தால் பூங்கா, ஆனால் இடையில் பெரும்பாலும் ஓர் ஆறு இருக்கும்.

மூன்றாவது முறை செப்டம்பர் முதல் வாரம் அப்படித்தான் போனோம். கோல்ட்ஃபுட்டில் பொன்னிற வில்லோ, நீல வானம், ஒரு கொசு இல்லை. இதுதான் நாம் தேடிய வாரம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நூறு கிலோமீட்டர் வடக்கே, 1,444 மீட்டர் உயரத்து அடிகன் கணவாயில் ஏறினால் முன்கண்ணாடியில் பனி. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது பழமொழி, அங்கே அன்று அடித்த காற்றில் கார்க் கதவைத் திறந்தவன் மூடுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டோம். எதிரே சங்கிலி மாட்டிய லாரி மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினோம். தெற்குச் சரிவிலேயே சாலையிலிருந்து ஒரு நாள் நடைக்குள் நாலு நாள் தங்கினோம். ராத்திரி தண்ணீர் பாட்டில் உறைந்தது, ஒரு ராத்திரி பச்சை ஒளி மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேலே வரை வந்தது. மூன்று பயணத்தில் குறைவாகச் செலவழித்ததும் குறைவாகத் திட்டமிட்டதும் அதுதான். எல்லாம் கைவசம் ஒரு கார் இருந்ததால். ஏரியில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது இந்தச் சுதந்திரம் கிடையாது.

அப்புறம், "நீயாக இருந்தால் எந்த வாரம்?" என்றும் கேட்கிறார்கள். முதல் தடவை போகிறவர், மழையைவிடக் கொசுவைப் பார்த்து அதிகம் பயப்படுகிறவர் என்றால் ஆகஸ்ட் 5-லிருந்து 20 வரை, தெற்குச் சரிவில். குளிர் தாங்கும், புகைப்படம்தான் முக்கியம் என்றால் ஆகஸ்ட் கடைசி வாரம். கூட்டாளிகளின் பொறுமைமீது நம்பிக்கை இருந்தால், இருட்டே இல்லாத அந்த வெளிச்சம் வேண்டுமென்றால், ஜூன் மூன்றாவது வாரம், தாழ்வான ஏரி, தலைவலை இரண்டு. நான் அடுத்த வருடம் மறுபடி ஜூனுக்குத்தான் முன்பதிவு செய்திருக்கிறேன். மின்னஞ்சலில் அதே வரி வந்திருக்கிறது, அந்த வாரம் ஏரி திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று. இந்த முறை பக்கத்து இரண்டு ஏரிகளுக்கும் சேர்த்து வரைபடம் அச்சிட்டு வைத்திருக்கிறேன். பாதாமும் தலைக்குப் பன்னிரண்டாக.